தோல் பொம்மையும் திமிரிச் சாலையும்

பிரான்ஸ் நாட்டில் ரூவான் என்ற ஊரின் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு பிரசவப் பொம்மை இருக்கிறது. வயிறும் இடுப்பும் பாதித் தொடையும் மட்டுமே உள்ள பெண்ணுடல். துணியும் தோலும் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சடைத்தது. கருப்பை உண்டு, அதற்குள் எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைக்கக்கூடிய குழந்தை உண்டு, தொப்புள்கொடியும் நஞ்சும்கூட உண்டு. செய்தவர் மதாம் து குத்ரே என்ற மருத்துவச்சி. 1759-ல் மன்னர் பதினைந்தாம் லூயி, ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும்படி அவருக்கு ஆணை கொடுத்தார். கால் நூற்றாண்டுக் காலம் அவர் இந்தப் பொம்மையோடு பிரான்சைச் சுற்றினார். ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் கற்றார்கள்.

படத்தில் அதைப் பார்த்தபோது என் கண் முதலில் போனது அந்தத் தோலின் மேல்தான். என் அப்பா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். விடியற்காலையில் எங்கள் ஊர் திமிரியில் பஸ் ஏறி, ஆற்காட்டில் இறங்கி, பாலாற்றுப் பாலம் தாண்டிப் போவார். சாயங்காலம் திரும்பும்போது சட்டையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சேர்ந்த வாடை இருக்கும். ஒரு துண்டுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து வெள்ளாடா, செம்மறியா என்று சொல்லிவிடுவார். “இழுத்தா கொடுக்கணும், விட்டா திரும்பணும்” என்பதுதான் நல்ல தோலுக்கு அவர் வைத்திருந்த இலக்கணம். பிரசவ அறையில் வேலை பார்த்த எனக்கு, அந்தப் பிரெஞ்சு மருத்துவச்சி ஏன் தோலைத் தேடிப் போனார் என்பது உடனே புரிந்தது. கைக்குக் கொடுத்து, கை எடுத்ததும் திரும்பும் பொருள் வேறு எது இருந்தது அந்தக் காலத்தில்?

நம் பக்கத்தில் இதற்கும் வெகுகாலம் முந்தியது சுசுருத சம்ஹிதை. அதில் சீடர்கள் ஆள் மேல் கை வைக்கும் முன்னால் எதெதில் பழக வேண்டும் என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. வெட்டிப் பழகப் பூசணியும் சுரையும் வெள்ளரியும். கீறித் திறக்கச் சேறு நிரப்பிய தோல்பை. சுரண்டிப் பழக மயிர் நீக்காத தோலை விரித்து வைக்க வேண்டும். ரத்தநாளம் குத்தத் தாமரைத் தண்டு. தையல் போட மெல்லிய துணியும் மென்தோலும். கட்டுப் போட ஆளுயரப் பொம்மை. எத்தனை இடத்தில் தோல் வருகிறது பாருங்கள். மருத்துவ மாணவர்களின் முதல் நோயாளி தோலால் ஆனவர் என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் சுசுருதர் காலத்துச் சீடருக்கும் து குத்ரேயின் மாணவிக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒருவருக்கு ஒரு பூசணி. ஒருத்திக்கு ஒரு பொம்மை. பழக்கியது ஒரே ஒரு ஜோடிக் கையை. பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து வேலை செய்ய யாரும் பொம்மை வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. சேர்ந்து வேலை செய்யும் பாடம் வேறொரு பாதையில், பொம்மை எதுவும் இல்லாமல் வந்தது. அந்தப் பாதையில் ஒரு நீண்ட துண்டு எங்கள் வட்டாரத்தில்தான் ஓடுகிறது.

அய்டா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்ற வீட்டாரின் பிடிவாதத்தால் இறந்ததும், அதைக் கண்டு அவர் மருத்துவம் படிக்கப் போனதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1902-ல் நாற்பது படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்த வரிசை. 1909-ல் செவிலியர் பள்ளி. டீலியா ஹூட்டன் அதை நடத்தினார். மருத்துவப் பள்ளி 1918-ல்தான். அதாவது அய்டா முதலில் தேடியது இன்னொரு மருத்துவரை அல்ல. கூட நிற்கும் ஆட்களை. சலோமி என்ற உள்ளூர்ப் பெண் ஆரம்பத்திலேயே அவரோடு உதவிக்கு நின்றவர். ஒரு மருத்துவர் தனியாக எத்தனை நோயாளியைப் பார்க்க முடியும் என்பது ஷெல் மருத்துவமனையின் முதல் சில ஆண்டுகளிலேயே அவருக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும்.

குடியாத்தம் சாலையில் அவர் நடத்திய சாலையோர மருத்துவத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு பியூஜோ கார். வண்டியில் மருத்துவர், நர்ஸ், மருந்து கலக்கும் கம்பவுண்டர், மருந்துப் புட்டிகள், கட்டுத் துணிகள். குறித்த மரத்தடியில் வண்டி நிற்கும். கூட்டம் ஏற்கெனவே காத்திருக்கும். ஒருவர் பார்ப்பார், ஒருவர் மருந்து கொடுப்பார், ஒருவர் புண் கழுவுவார். 1918-க்குப் பிறகு மாணவிகளும் இதில் சேர்ந்தார்கள். அந்த முதல் வகுப்பில் 14 பேர் 1922-ல் இறுதித் தேர்வு எழுதி, 14 பேரும் தேறினார்கள். சென்னை மாகாணமே அதைப் பேசியது. தேர்வு முடிவைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மரத்தடியில் சுவர் இல்லை என்பது. மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் கேள்வி கட்டுப் போடுகிறவர் காதில் விழும். புண் கழுவுகிறவர் “இதுக்குள்ளே முள் இருக்கு” என்று சொன்னால் மருத்துவர் திரும்பிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மாணவி இதையெல்லாம் ஒரே இடத்தில் நின்று பார்த்தாள். பாடம் என்று பெயர் வைக்காமல் படித்த பாடம் அது.

1946-ல் பால் பிராண்ட் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்த முடியும் என்று காட்டியவர். கத்தி பிடித்தவர் அவர் என்பதால் பெயர் அவருக்குப் போனது. ஆனால் நிமிர்ந்த விரலை அசைக்கக் கற்றுக்கொடுத்தவர் ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் காத்தது செருப்பு. மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரை அடியில் வைத்து, பாதத்தின் வடிவத்துக்கு ஏற்றபடி தைத்த செருப்பு வேலூரிலும், 1955-ல் தொடங்கிய காரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உருவானது. அங்கே செருப்புப் பட்டறை ஒரு சிகிச்சைப் பிரிவு. தோல் தைக்கத் தெரிந்தவர் மருத்துவக் குழுவில் ஒருவர். அவர் தையலில் ஒரு முடிச்சு பாதத்தில் உறுத்தினால் சர்ஜனின் ஆறு மாத வேலை வீண். தோல் தொழிலாளியை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தே பழகிய ஒரு வட்டாரத்தில் இது நடந்தது. காரிகிரியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பிறகு வளர்ச்சி வந்தது. 1942-ல் அய்டாவின் வேலூர் மருத்துவப் பள்ளி எம்பிபிஎஸ் கல்லூரியானது, 1946-ல் பி.எஸ்ஸி. நர்சிங், 1947-ல் ஆண் மாணவர்கள். பிசியோதெரபி, ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே என ஒவ்வொன்றும் படிப்பாகி, நாடு முழுவதும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டடம், தனித் தேர்வு, தனி கவுன்சில் என்றானது. தேவையான வளர்ச்சிதான். ஆனால் நான் படித்த காலத்தில், ஒரே நோயாளியைக் காலையில் மருத்துவ மாணவர்கள் சுற்றி நின்று படிப்பார்கள். மத்தியானம் நர்சிங் மாணவிகள் நாங்கள் போவோம். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மருத்துவ மாணவர்களும் நர்சிங், பிசியோதெரபி மாணவர்களும் ஒரு கிராமத்தில் சேர்ந்து தங்கி, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அந்த மரத்தடியின் நினைவு அதில் மிச்சமிருக்கிறது. மற்றபடி, வருடக்கணக்கில் தனித்தனியாகப் படித்தவர்கள் முதல் நாள் டியூட்டியில் ஒரே கட்டிலின் இரு பக்கமும் நின்று சந்திக்கிறார்கள்.

அதன் விலையை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு மருத்துவமனை, ஒரு இரவு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு. அறையில் படித்தவர்கள் நான்கு பேர், நான்கு பேரும் கெட்டிக்காரர்கள். “பிளட் அனுப்புங்க” என்ற குரல் கேட்டது. யாரைப் பார்த்துச் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் அனுப்பிவிட்டார் என்று நினைத்தார்கள். அந்தப் பெண் பிழைத்தாள், கருப்பையை எடுத்த பிறகு. அவளுக்கு வயது இருபத்திரண்டு. கைத்திறமையில் அந்த நான்கு பேரில் யாருக்கும் குறையில்லை. சுசுருதர் வந்து சோதித்திருந்தால் பூசணியில் நால்வரும் தேறியிருப்பார்கள்.

பொம்மைப் பாதையும் குழுப் பாதையும் ஒன்று சேர்வதற்கு உலகத்துக்கு வெகுகாலம் பிடித்தது. 1960-ல் நார்வேயில் பொம்மை செய்யும் ஆஸ்முண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கப் பழக ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்தார். ரெஸஸி ஆன் என்ற அந்தப் பொம்மையை இன்று பல நர்சிங் கல்லூரிகளில் பார்க்கலாம். 1963-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்கள் முன் உட்கார வைத்தார். சகாக்கள் முகம் சுளித்தார்கள். மருத்துவத்தில் நாடகம் எதற்கு என்றார்கள். இரண்டுமே அப்போதும் ஒரு மாணவர், ஒரு நோயாளி என்ற அளவில்தான் இருந்தன.

குழுவைப் பழக்கும் எண்ணம் விமானத்திலிருந்து வந்தது. 1977-ல் டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு போர்ட்லண்டில் ஒரு விமானம், சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே வானத்தில் சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்பது உடனிருந்தவருக்குத் தெரிந்திருந்தது. தலைவருக்கு உறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. 1979-ல் நாசா கூட்டிய கூட்டத்துக்குப் பிறகு, விமானிகள் ஒருவரையொருவர் கேட்கவும் மறுக்கவும் பழகுவது ஒரு பயிற்சியானது. 1980-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கபா என்ற மயக்க மருந்து மருத்துவர் அதை அறுவை அறைக்குக் கொண்டுவந்தார்: நடுவில் ஒரு பொம்மை, சுற்றி ஒரு முழுக் குழு, ஒரு திடீர் ஆபத்து, முடிந்ததும் உட்கார்ந்து பேச்சு. தோல் பொம்மையும் மரத்தடிக் கூட்டமும் அங்கேதான் சந்தித்தன.

இந்தியாவுக்கு மெதுவாக வந்தது. பீகாரில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே போய், அங்கே வேலை செய்பவர்களைச் சேர்த்து வைத்துப் பிரசவ ஆபத்துகளைப் பழக்கினார்கள். நோயாளியாக நடிப்பவர் தைத்து மாற்றிய ஒரு பேண்ட்டைப் போட்டுக்கொள்வார், அதுதான் பொம்மை. செலவு குறைவு, சூட்கேஸில் அடங்கும். து குத்ரே கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். 2019-ல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டம் ஒவ்வொரு கல்லூரிக்கும் திறன் கூடத்தைக் கட்டாயமாக்கியது. 2021-ல் திருத்திய நர்சிங் பாடத்திட்டமும் சிமுலேஷனுக்கு இடம் கொடுத்தது. சட்டப்படி இரண்டும் வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலும் அவர்கள் கூடம் வேறு, எங்கள் கூடம் வேறு.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு கல்லூரியில், இரு தரப்பு மாணவர்களையும் சேர்த்து நடத்தும் பயிற்சிக்கு நோயாளியாக வரச் சொன்னார்கள். வயிற்றில் கட்டிக்கொள்ளும் மாமாநேட்டலி என்ற பொம்மை. ரெஸஸி ஆன் செய்த அதே லேர்டால் நிறுவனத்தின் தயாரிப்பு. படுக்கையில் பாதி சாய்ந்து உட்கார்ந்து, வார்ப்பட்டியை முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு குழந்தை, நஞ்சு, சிவப்புத் தண்ணீர் நிறைந்த பை. மேலே நைட்டியும் போர்வையும். போர்வைக்குள் என் கைகள். குழந்தையை வெளியே தள்ளுவது, கருப்பையை இறுக்குவது, தளர விடுவது, குழாயைத் திறந்து ரத்தம் விடுவது எல்லாம் என் விரல்கள்தாம். நான் கலவை ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த இரண்டாம் பிரசவக்காரி.

வாழ்நாள் முழுவதும் அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றவள் முதன்முதலாக அதன் மேல் படுத்துப் பார்த்தேன். மேலிருந்து தெரியாதது பல கீழிருந்து தெரிகிறது. குழந்தை வெளியே வந்து அழுததும் எல்லா முகங்களும் அந்தப் பக்கம் திரும்பின. நான் குழாயைத் திறந்தேன். சிவப்பு பாயில் பரவி, விளிம்பைத் தாண்டி, சொட்டும் சத்தம் எனக்கே கேட்டது. அதை முதலில் பார்த்தவள் மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி. அவள் கண்ணில் பயம் தெரிந்தது. ஹவுஸ் சர்ஜன் பையனைப் பார்த்தாள், ட்ரேயைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அவன் திரும்பியபோது நேரம் போயிருந்தது. “ஆக்ஸிடோசின் போடுங்க” என்றான், கூரையைப் பார்த்து. இரண்டு பேர் ஒரே ஆம்பியூலை எடுக்கக் கை நீட்டினார்கள். கையில் வென்ஃப்ளான் ஊசி போட ஒருவரும் இல்லை. என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. “தலை சுத்துதும்மா” என்று முனகினேன். அதுவும் கதையில் எழுதியிருந்ததுதான்.

பிறகு வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இந்தப் பயிற்சியின் உயிரே இதில்தான் இருக்கிறது. யார் தப்புச் செய்தது என்று கேட்கக் கூடாது என்பது நடத்துகிறவரின் முதல் விதி. அந்த நேரத்தில் என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய் என்றுதான் கேட்டார். அந்த மாணவி வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: “சாருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன் மேடம்.” பையன் உடனே, “எனக்குத் தெரியவே தெரியாது சிஸ்டர். நீங்க சொல்லியிருந்தா...” என்று நிறுத்திவிட்டான். வருடக்கணக்கில் தனித்தனியாகப் படித்த பையனும் அவளும் முதல்முறையாக ஒருவரிடம் ஒருவர் பேசிய பேச்சு அது.

மறுபடி நடத்தியபோது அவள் குழந்தையைத் துடைத்துக்கொண்டே குரல் உயர்த்தினாள்: “சார், பிளீடிங் அரை லிட்டர் தாண்டுது. நான் யூட்ரஸ் மசாஜ் பண்றேன். சீனியரைக் கூப்பிடுங்க.” அவன் பெயர் சொல்லி ஒருத்தியிடம் 10 யூனிட் ஆக்ஸிடோசின் கேட்டான், அவள் அளவைத் திருப்பிச் சொல்லிப் போட்டாள். டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், இரண்டு கையிலும் ஊசி, ரத்தத்துக்கு ஆள். ஒரு கை என் தோளைத் தொட்டு, “பயப்படாதீங்கம்மா, பார்த்துக்கறோம்” என்றது. போர்வைக்குள் கருப்பையை இறுக்கி, குழாயை மூடினேன்.

தமிழ்நாட்டில் 2001-03-ல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 ஆக இருந்த பேறுகால மரணம் 2018-20-ல் 54 ஆகக் குறைந்திருக்கிறது. கிராம சுகாதார நர்ஸ், இருபத்துநான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், 2008-ல் வந்த 108 வண்டி என்று பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. மீதியுள்ளதை இறக்க, அந்தப் பலரையும் ஒரே அறையில் வைத்துப் பழக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் திமிரியில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை என்றால் என்ன நடக்கும்? இங்கிருந்து 108. ஆற்காடு, வாலாஜா அரசு மருத்துவமனை, அதற்கும் மேல் அடுக்கம்பாறையோ வேலூரோ. அவளுடைய மருத்துவக் குழு ஒரு அறைக்குள் இல்லை; அந்தச் சாலை நெடுக நிற்கிறது. வண்டியில் வரும் டெக்னீஷியன் போனில் சொல்லும் பி.பி.யை மறுமுனையில் யார் எழுதினார்கள் என்பதில் அவள் உயிர் இருக்கிறது. பயிற்சி அறைக்குள் அந்த டெக்னீஷியனை, வண்டி ஓட்டும் பைலட்டை, ரத்தம் வாங்க ஓடும் ஆயாம்மாவை நான் இதுவரை பார்க்கவில்லை.

அந்தக் கல்லூரியிடம் இன்னொரு பயிற்சியும் கேட்டிருக்கிறேன். தோல் ஷாப்புகள் நிறைந்த வட்டாரத்தில் பிரசவத்தை மட்டும் பழக்கினால் போதாது. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சல்ஃபைடு, அமிலம் கலந்த கழிவோடு ஒரு தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. உள்ளே இறங்கியவர் விழுவார். தூக்க இறங்குகிறவர் அவர் மேலேயே விழுவார். காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து சாவது இதில் வழக்கம். இதற்கு ஒரு பயிற்சி எழுதியிருக்கிறேன். வண்டியில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் பொம்மை, ஒருவர் நடிப்பவர். உடையைக் களைவது, ஆக்சிஜன், மூச்சுப் பாதை எல்லாம் மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் மூலையில் மூன்றாவதாக ஒருவர் நிற்பார், உடன் வேலை செய்தவர். தொட்டிக்குள் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அந்த வேடத்துக்கு எங்கள் தெருவிலேயே ஆள் கிடைத்தார். சுண்ணாம்புக் குழியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். மாணவர்கள் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், தானாகச் சொல்லக் கூடாது என்றேன்.

“உள்ளே ஒருத்தன் கிடக்கும்போது எப்படிக்கா நான் கம்முனு நிக்கறது?”

“நிஜத்தில் நிக்க வேணாம் தம்பி. இங்கே மட்டும். அவங்க உங்க பக்கம் திரும்பிக் கேக்கறாங்களான்னு பாக்கணும்.”

“கேக்கலைன்னா?”

“உட்கார்ந்து பேசும்போது முதல்ல உங்களைத்தான் பேசச் சொல்வேன்.”

அவர் ஒப்புக்கொண்டார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் முன்னால் நாற்காலியில் உட்காரலாமா என்று மட்டும் கேட்டார். வட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.